யாப்பில் விடுபட்ட சொல்

மே 12, செவ்வாய்

மழை. லா ஷப்பல் மேம்பாலத்தின் கீழே நின்று இதைப் பேசுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கைபேசியில் ஒரு படத்தை அமத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மகள் ஜெனி காட்டித் தந்தாள். என்ன எழுதுகிறதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

வாங்க: முருங்கைக்காய், குத்தரிசி, ஜெனிக்கு இருமல் மருந்து.

எங்கள் தமிழ் மன்றத்துக்குப் பிரெஞ்சு நகரசபைக் கடிதம். ஜெனி வாசித்தாள். அவர்கள் தரும் மண்டபம் விஞ்ஞானக் கல்விக்கு மட்டும்தானாம். எது விஞ்ஞானக் கல்வி என்று மன்றத்தின் யாப்பில், அதாவது விதிகளில், சட்டப்படி பதிந்திருக்கிறது: கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல். கணினி இல்லை. ஆகவே ஜெனியின் சனிக்கிழமைக் கணினி வகுப்புக்கு அடுத்த மாதம் முதல் இடமில்லை. யாப்பைத் திருத்தினால் தப்பும். ஞாயிறு பொதுக்கூட்டம்.

"ஆரப்பா அந்த நேரம் கொம்பியூட்டரை விட்டது?"

"மழை கூடுது பிள்ளை, வா" என்றேன்.

மே 13, புதன்

காற்று. ரூ லூயி-பிளாங் தெருக் கடையில் தேநீர். மன்றத் தலைவர் பாலன் வந்து முன்னால் இருந்தார். திருத்தம் கூடாது என்பவர்.

"நாளைக்குச் சமையலையும் விஞ்ஞானம் எண்டு போடச் சொல்லுவாள் உங்கடை மகள்."

"அப்ப நான் புரொபெசர்" என்றார் கடைக்காரர், வடைத் தட்டோடு.

"பகிடியை விடும். சூசை அண்ணை, முதல் கூட்டக் குறிப்பிலை ஒரு வரி கிடக்கு. 'அன்ஃபோர்மத்திக்: பேசியபின் நீக்கப்பட்டது.' பெரியவை யோசிச்சுத்தான் நீக்கியிருக்கினம். அந்த நாள் ஆக்களிலை மன்றத்திலை மிச்சம் நீங்கள் ஒராள்தான். ஞாயிறு எழும்பி அதைச் சொன்னால் காணும். உங்கடை ஞாபகத்துக்கு மேலை ஆர் கதைக்கிறது?"

கணினிப் படிப்புக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அன்ஃபோர்மத்திக்.

தேநீர் ஆறிப்போனது. குடிக்கவில்லை.

மே 14, வியாழன்

விடுமுறை. வெயில். ஜெனி வீட்டில். பாலன் கேட்டதைச் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

"நினைவில்லை எண்டு சொல்லுங்கோ அப்பா. எழுபத்தெட்டு வயசிலை ஆர் குறை பிடிக்கப்போகினம்?"

நினைவில்லையாம்.

மன்றத்தின் முதல் கூட்டம், ஓர் உணவகத்தின் நிலவறையில். பதினொரு பேர், எட்டுக் கதிரை. நான் வெங்காய மூட்டையில். யாப்பு எழுதியவர் அந்துவான், புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை. சாம்பல் நிறக் கழுத்துப்பட்டி.

"அன்ஃபோர்மத்திக்கையும் சேத்துக்கலாங்க. நாளைக்குப் புள்ளைங்களுக்கு அதான் சோறு போடும்."

எனக்குக் கேட்டது வேறு. அகதி விசாரணையில் ஒரு சொல் காதில் விழுந்திருந்தது: அன்ஃபோர்மத்தேர். காட்டிக்கொடுப்பவன். ஊரில் தலையாட்டி என்போம், முகத்தை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவான். என் தம்பியை ஆமி கொண்டுபோனது அப்படி ஓர் ஆட்டலில்.

எழும்பினேன். "பிள்ளையளுக்குத் தலையாட்டி வேலையோ படிப்பிக்கப்போறீர்? ஆர் உம்மை இஞ்சை அனுப்பினது?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்தக் காலம் அப்படி. ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. பேனாவை மூடினார். படியேறிப் போனார். பிறகு வரவேயில்லை. சொல்லை வெட்டினார்கள்.

மூன்று வருடம் கழித்து, கந்தோர் கூட்டும் வேலை. ஒரு கதவில் இருந்ததை மேற்பார்வையாளர் வாசித்தார்: அன்ஃபோர்மத்திக். உள்ளே வரிசையாகக் கணினிகள். தும்புத்தடியோடு நின்றேன். இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மே 16, சனி

மறுபடி மழை. ஜெனியின் வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே ஒரே பிரெஞ்சு. ஒரு சின்னப் பெட்டை மட்டும் தமிழில், "மிஸ், அடுத்த மாசமும் இருக்கோ?"

"ஓம்." ஜெனி அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னாள்.

நினைவில்லை என்றால் பாலனுக்குச் சாட்சி இல்லை. வகுப்பும் தப்பும், என் மானமும் தப்பும். அந்துவான் மட்டும் தலையாட்டியாகவே கிடப்பார்.

கூட்டத்துக்கு: வெள்ளைச் சட்டை. மூக்குக்கண்ணாடி வேண்டாம், முகங்கள் தெரியாமல் இருக்கட்டும்.

மே 17, ஞாயிறு

மழை விட்டது. மண்டபம் நிறைந்த சனம். பாலன் அந்த ஒரு வரியை வாசித்தார். "சூசை அண்ணை சொல்லட்டும்."

எழும்பினேன். ஜெனி மெல்லத் தலையசைத்தாள்: நினைவில்லை எண்டு சொல்லுங்கோ.

எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காய மூட்டை, கழுத்துப்பட்டி, நான் கத்தியது. ஒருவரும் யோசித்து நீக்கவில்லை, என் காதுதான் நீக்கியது என்றேன்.

பின்வரிசையில் ஒருவர், "அப்ப இவ்வளவு நாளும் கொம்பியூட்டர் தலையாட்டியோ!" சிரிப்பு. பாலன் சிரிக்கவில்லை.

"ஏன் அண்ணை முந்தியே சொல்லேல்லை?"

"வெக்கம்."

கை தூக்கினார்கள். எதிர்த்து ஏழே கைகள். யாப்பில் கணினி சேர்ந்தது. செயலாளர் அந்தச் சொல்லை எழுதும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையம் வரை நடந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது ஜெனி கேட்டாள், "அவர் உயிரோடை இருக்கிறாரோ?"

"தெரியாது."

மாதா கோயில் ஆட்கள் இரண்டு பேரிடம் போனில் கேட்டாள். பியர்ஃபித் என்ற புறநகரில் இருக்கிறாராம். கைபேசியில் அவர் இலக்கத்தை அமத்தி என் கையில் தந்துவிட்டாள்.

ஒரு பெண் குரல். "யார் பேசறது?"

"சூசை. அந்த நாள் மன்றத்திலை..."

உள்ளே போய்ச் சொன்னாள். தூரத்தில் ஒரு கிழவரின் குரல்:

"வெங்காய மூட்டை மேல உக்காந்திருந்தானே, அவனா? குடு இப்படி."