தரிசு என்று எழுதியது நான்தான்

ஜூன் 11, 2024
நாலு மணி நேரம் வெயிலில் நின்று கிடைத்தது மூன்று இறகு. வானம்பாடி வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. நான் இறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சி!

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே இந்தத் திடல். பத்தொன்பது ஏக்கர் கட்டைப்புல், ஒரு மரம் கிடையாது. வானம்பாடிக்கு அதுதான் வேண்டும். தரையில் முட்டையிடுகிற பறவை. மரம் இருந்தால் காக்கை உட்கார்ந்து பார்த்துவிடும். மேகலா அக்காவின் பதினான்கு ஆடுகள் புல்லை உயரவிடாமல் கடித்து வைக்கின்றன.

"எறக வச்சு என்னம்மா பண்ணுவ?" என்று அக்கா கேட்டார். மேற்கே வல்லம் செம்மண் மேட்டில் ஒரு கூட்டம், கிழக்கே பூம்புகார் மணல்வெளியில் ஒரு கூட்டம். இரண்டும் கலக்கிறதா என்று இறகிலுள்ள மரபணு சொல்லும், கலக்காவிட்டால் குஞ்சு நோஞ்சானாகும் என்றேன். "சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டுக் கெடக்குதுங்களான்னு பாக்குற" என்றார். இதைச் சொல்லத்தான் நான் கருத்தரங்கில் இருபது ஸ்லைடு போட்டேன்.

ஜூலை 16
மூன்று இடத்து இறகும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டன. ரிசல்ட் வர மூன்று மாதமாம்.

ஆகஸ்ட் 15
கிராம சபையில் பேசச் சொன்னார்கள். வல்லத்துக்கும் பூம்புகாருக்கும் நடுவே மரமில்லாத் திடல்களைக் கோடு போட்டு இணைத்த வரைபடத்தோடு ஒரு பக்கத் துண்டறிக்கை, நானே தமிழில் எழுதினேன். தலைப்பு: 'தரிசுகளை இணைக்கும் பசுமை வழித்தடம்'. வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கல் கணக்கில் இந்தத் திடல் 'தரிசு' என்றுதான் இருக்கிறது. புல்வெளி என்று எழுதினால் எல்லோருக்கும் ஊட்டிதான் ஞாபகம் வரும். 'பசுமை'? அழகுக்குப் போட்டேன்.

முதல் வரிசையில் இருந்த பசுமைக் குழுத் தலைவர் இளஞ்செழியன் சார் விடாமல் கை தட்டினார். "இப்படி ஒருத்தர் வந்து சொல்லணும்னுதாங்க காத்துக்கிட்டிருந்தோம்" என்றார். பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 19
திடலில் ஜேசிபி. சுற்றிலும் கம்பிவேலி. உள்ளே குழி, குழி, குழி.

ஓடிப்போய்க் கேட்டேன். இளஞ்செழியன் சார் என் வரைபடத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "நீங்க சொன்ன பசுமை வழித்தடம்தான் மேடம். தரிச இணைக்கணும்னீங்கல்ல? மூவாயிரம் கன்னு. நாவல், வாகை, ஆலு." வானம்பாடிக்கு மரம் ஆகாது சார் என்றேன். சிரித்தார். "மரம் வந்தா குருவி வராம எங்க போவும்?"

நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தாலுகா ஆபீசுக்கும் போனேன். "மரம் நட வேணாங்கிற மொத ஆளு நீங்கதாம்மா" என்றார்கள்.

திரும்பும்போது மேகலா அக்கா ஆடுகளோடு வேலிக்கு வெளியே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 29
நடுவிழா. பொன்னாடை. பலகையில் 'ஆலோசனை: முனைவர் தஹ்மீனா'. நான் இன்னும் முனைவரே ஆகவில்லை. கேட் சாவி ஒன்றை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். "ஆடு மட்டும் உள்ள வந்துடக் கூடாது மேடம். ஒரு வாரம் மேஞ்சா மூவாயிரமும் போச்சு" என்றார் சார்.

ஏன் போனேன்? போகாவிட்டால் இனி உள்ளே விடமாட்டார்கள் என்று பயந்தேன் — அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். கூப்பிட்டார்கள், போனேன். முதல் கன்றை நட்டதும் நான்தான்.

செப்டம்பர் 30
தஹ்மீனா, என்னடி பண்ணி வச்சிருக்க.

அக்டோபர் 24
ரிசல்ட் வந்துவிட்டது. மேற்குக் கூட்டமும் கிழக்குக் கூட்டமும் கிட்டத்தட்டப் பிரிந்துவிட்டன. நாற்பத்திரண்டு இறகில் இரண்டு பக்கத்து மரபணுவும் கலந்திருப்பது ஆறில்தான். ஆறும் இந்தத் திடலில் நான் குனிந்து பொறுக்கியவை. வேறு எங்குமே இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் அவை சந்தித்துக்கொண்டிருக்கின்றன.

வழிகாட்டி பிரகதீஸ்வரி மேடத்துக்கு ஏக சந்தோஷம். "எடம் போனா என்ன தஹ்மீனா, டேட்டா கையில இருக்குல்ல? பேப்பர் நல்லாப் போவும்." ஒரே ஒரு திருத்தம் சொன்னார். 'சந்தித்துக்கொண்டிருக்கின்றன' என்று எழுதக் கூடாதாம். 'சந்தித்துக்கொண்டிருந்தன'.

மாற்றினேன்.

நவம்பர் 3
திடல் கேட்டுக்கு முன்னால் மேகலா அக்கா இன்று பேசினார். ரோட்டோரம் மேய்த்ததில் ஓர் ஆடு லாரியில் அடிபட்டுவிட்டதாம். பதிமூன்றுதான் இருக்கின்றன.

"நீதான் படம் போட்டுக் குடுத்தியாமே?"

"ஆமாக்கா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அந்தக் குருவி நாலஞ்சு இன்னும் வேலியோரத்துல தவ்விக்கிட்டுத்தான் திரியுது. கன்னு மொழங்கா ஒசரம்கூட வரல" என்றார். பிறகு வெகுநேரம் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 9
விடாத மழை. இளஞ்செழியன் சார் போன் செய்தார். களையெடுக்க ஆள் அனுப்ப வேண்டுமாம், அவர் சாவி வெளியூர் போன மகனிடம் மாட்டிக்கொண்டதாம், என்னுடையது வேண்டுமாம். தொலைந்துவிட்டது என்றேன். "பரவால்லங்க மேடம், மழ விடட்டும், பூட்டயே மாத்திடலாம்" என்றார் பாவம்.

சாவியைப் போன ஞாயிறே மேகலா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஆடுகள் உள்ளே போய் இன்றோடு ஆறு நாள்.