விட்டுப்போன இரண்டு பக்கம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாம் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? தையல் கடையில் ஜிப் மாற்றுகிற வேலைதான் ஓயாமல் வருகிறது, எல்லோரும் ஒரே சமயத்தில் குண்டாகிவிட்டார்களோ என்னவோ.

போன தடவை போனில் லிஃப்ட்காரரைக் கட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னதும் நீ, "இந்த வயசுல துணை வேணும்னா வீட்டோட ஒரு வேலையாளைப் போட்டுக்கலாமேம்மா" என்றாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை நூலகத்தில் வாசிப்புக் கூட்டத்துக்குப் போகிறேன் அல்லவா, ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கேட்போம். இந்த வருஷம் எல்லாம் புது நாவல்கள், எதை எடுத்தாலும் வயதானவர்களுக்குக் காதல். ஆனால் எழுதுகிறவர்களுக்கு எங்களைக் கண்டால் என்ன பயமோ! அறுபதைத் தாண்டியவள் ஆசைப்பட்டால் முதலில் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விடுகிறாள், பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள், கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிடுகிறார், பிள்ளைகள் வந்து அழுது மன்னித்துவிடுகிறார்கள். என்ன குற்றம் செய்துவிட்டார்களாம்? "மேல போன லிஃப்ட் அறுந்து விழுந்தாத்தான் கதையா?" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். ரிட்டயரான லிஃப்ட் மெக்கானிக், அவர்தான் இவர்.

ஒரே ஒரு நாவல் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்குப் படித்தவர் பழைய தலைமையாசிரியர். கதையில் அடுப்படியில் நின்றவள் அடுத்த வரியில் கட்டிலில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள், பக்கத்தில் இருக்கிற காதலரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. தையல்காரியிடமா இந்த வேலை? பொத்தான் எப்படிப் போயிற்று என்று தெரியாமல் எனக்கு மேலே கேட்க முடியவில்லை. "சார், நடுவுல ரெண்டு பக்கத்தை விட்டுட்டீங்க" என்றேன். "அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா" என்று இருமினார். புத்தகத்தை வாங்கி நானே படித்தேன், குரலைத் தாழ்த்தாமல். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தலைமையாசிரியரின் மனைவி மட்டும், "கொஞ்சம் நிதானமா படிங்க" என்றாள். லிஃப்ட்காரர் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கடைக்கு ஒரு பேன்ட்டோடு வந்தார், இடுப்பைப் பிடிக்க வேண்டுமாம். பிடித்துக் கொடுத்தேன். திரும்ப வந்தார், அதையே தளர்த்த வேண்டுமாம். மறுபடியும் அதே பேன்ட், அதே இடுப்பு! கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் துணி இனிமே ஊசி தாங்காது, விஷயத்தைச் சொல்லுங்க" என்றேன். "பேன்ட்டுக்கு ஒண்ணுமில்லீங்க, எனக்குத்தான்" என்றார் அந்த மனுஷன். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

துணை துணை என்கிறாய், துணைக்கு ரேடியோ போதும் கண்ணு. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவர் வருகிற நாளில் இரண்டு தடவை தலை வாருகிறேன். அப்பாவை மறந்துட்டியா என்று நீ வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. அப்பாவை மறக்கவில்லை. அவரோடு இருந்த நாளெல்லாம் எனக்கு ஆசை இருந்தது. அவர் போனபோது அது கூடவே போகவில்லை, நான் என்ன செய்ய?

போனில் இருமினாயே, அதை அலட்சியம் பண்ணாதே, டாக்டரிடம் காட்டு. அடுத்த மாதக் கடைசியில் கல்யாணப் பதிவு. சாட்சிக் கையெழுத்துக்கு அவர் பக்கம் அவருடைய தம்பி வருகிறார். என் பக்கம் நான் போடுகிறேன் என்று மாடிவீட்டுக்காரி துடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடே வா.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் சிரித்துக்கொண்டு இருங்கள். சின்னவளுக்கு முத்தம்.

யாரைக் கட்டிக்கொண்டாலும்,
உன் அம்மா