மெர்வுக்காக மஞ்சள் துணி கட்டிய நாள்

அன்புள்ள கெர்ரினுக்கு,

உன் அப்பாவும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது. நீயும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் "போதும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். போன வாரம் நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். அந்த ஊர் மலையில் ஒருவர் கிளைடர் இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றபோது, அவர் தன்னை அதோடு இணைக்கிற கொக்கியைப் போட்டிருக்கிறாரா என்று உனக்குச் சந்தேகம் வந்ததாம், ஆனால் புதிதாகச் சேர்ந்தவள், பாஷையும் சரியாக வராது, கத்தினால் சிரிப்பார்கள் என்று சும்மா நின்றாயாம், அவர் பத்திரமாகத்தான் பறந்து போனாராம். நீ அதைச் சொல்லிவிட்டுப் பனியில் சறுக்கிய கதைக்குத் தாவிவிட்டாய். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மெர்வ் இருந்திருந்தால் உன்னை விட்டிருப்பாரா? இந்தக் கடற்கரையில் கிளைடரில் தொங்குகிற பாதிப் பேரை முதன்முதலில் ஓட வைத்தவர் அவர்தான், உன்னையும் சேர்த்து. இங்கே குளிர்காலத்தில் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததை உன்னிடம் சொன்னேனே. அவர் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். "கொக்கியை முதல்ல கிளைடர்ல மாட்டு, அப்புறம் ஹார்னஸுக்குள்ள நுழை. ஒண்ணுக்குப் போகணுமா, ஹார்னஸைக் கழட்டி அங்கேயே தொங்க விட்டுட்டுப் போ. உன் பொண்டாட்டி கூப்பிட்டாலும் சரி, பிரதம மந்திரி கூப்பிட்டாலும் சரி" என்று எத்தனை பேரை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். அந்தப் பட்டை உடுப்பை, ஹார்னஸை, உடம்பில் மாட்டியபடியே நடமாடுகிறவன் திரும்பி வந்ததும், தோளில் பட்டை இறுக்குவதை வைத்தே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து ஓடிவிடுவான், கிளைடர் பறக்கும், அவன் வெறும் கையால் தொங்குவான் என்பார். நம் மேட்டுக்குக் கீழே பாறையும் கடலும்தான் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்வார்: சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் "நில்" என்று கத்தலாம், டீ ஊற்றுகிறவள்கூடக் கத்தலாம், கத்தியது தப்பாகவே இருந்தாலும் நிறுத்தப்பட்டவன் முறைக்கக் கூடாது, கத்தியவருக்கு ஒரு பீர் வாங்கித் தர வேண்டும். டீ ஊற்றுகிறவள் என்று என்னைத்தான் சொன்னார், அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்காக எல்லோரும் மேட்டில் கூடினோம். அவருடைய மஞ்சள் ஹெல்மெட் நினைவாக எல்லா ஹெல்மெட்டிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். முதலில் உன் அப்பா பறக்க வேண்டும், அவருக்குப் பின்னால் சங்கத் தலைவர் டார்சி, மெர்வின் சாம்பலை எடுத்துக்கொண்டு போய்க் கடலுக்கு மேலே தூவ வேண்டும் என்று ஏற்பாடு. தென்கிழக்குக் காற்று நேராக முகத்தில் அடித்தது, அவருக்குப் பிடித்த காற்று. நான் கார்கள் நிற்கிற இடத்தில் மேசை போட்டு லாமிங்டன் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என்னைத் தாண்டி ஒருவர் ஹார்னஸோடு கார்களின் பக்கம் போய்த் திரும்பி வந்தார். வெயில் கண்ணில் அடித்தது, முதுகும் மஞ்சள் துணியும்தான் தெரிந்தன, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். உன் அப்பாதான், முழங்கால் வலி போல, என்று நினைத்துக்கொண்டு கத்தியைத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் உறைத்தது. ஹார்னஸோடு நடந்தாரே!

நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பா விளிம்பில் கிளைடரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார், காற்று அதைத் தூக்காமல் முன்னால் கம்பியைப் பிடித்தவன் கையை விட்டாயிற்று. இறக்கையின் நிழலில், முதுகிலிருந்து கிளைடருக்குப் போகிற பட்டை தெரிகிறதா இல்லையா ஒன்றும் புரியவில்லை. கூட்டமோ மெர்வுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நிற்கிறது. அந்த அமைதியில் வாயைத் திறக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது கெர்ரின், உன்னைப் போலவே. "நில்லு நெவ், நில்லு!" என்று உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்துவிட்டு நின்றார். கம்பிக்காரன் ஓடிப்போய்ப் பிடித்தான். பார்த்தால் கொக்கி ஒழுங்காகத்தான் இருந்தது. "இப்பத்தானே கொக்கியைச் சோதிக்கப் படுத்துத் தொங்கிப் பார்த்தேன், நீ வேற!" என்று உன் அப்பா முகம் சிவந்து போய் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் தன் கிளைடருக்கு அடியில் நின்ற டார்சி, "அம்மணி, இன்ஷூரன்ஸ் பணத்தைக் கெடுத்துக்கிட்டீங்களே" என்று ஊரே கேட்கிற மாதிரி சொன்னார்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நான் பார்த்தது பார்த்ததுதான். "சரிப்பா, அப்போ ஹார்னஸோட நடந்தது யாரு?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையும் தானாக முதுகுப் பக்கம் போயிற்று. டார்சியின் கையும் போனது, அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய பட்டை முழங்காலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, கொக்கி காற்றில் ஆடியது. காரில் மறந்து வைத்த சாம்பல் டப்பாவை எடுக்க மெர்வ் நினைவாகவே போய்விட்டு வந்திருக்கிறார் மனிதர். ஹார்னஸ் மாட்டினால் யாரும் நொண்டித்தான் நடப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அடுத்து ஓடியிருக்க வேண்டியவர் அவர். அவர் பெண்கள் இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து படம் எடுக்கக் காத்திருந்தார்கள்.

டார்சி கிளைடரை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். டப்பாவை என் கையில் கொடுத்தார். "மெர்வ் என்னை அடிச்சே கொன்னிருப்பாரு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், பிறகு அழுதார். அதற்குமேல் யாருக்கும் பறக்க மனம் வரவில்லை. உன் அப்பா வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் கத்து" என்றார். அன்று மாலை சங்கத்தில் டார்சி எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். கொக்கி சரியாகப் போட்டிருந்த உன் அப்பாவும் முறைக்காமல் இன்னொன்று வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் குடித்தேன்.

மெர்வ் இன்னும் பறக்கவில்லை. சமையலறை அலமாரியில் டீத்தூளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். நீதான் அவரைக் கொண்டுபோக வேண்டும் என்று டார்சி கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன், கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் இல்லையா, டிக்கெட் போட்டுவிடு. சூடாகக் குடி, கழுத்தில் துணி சுற்று. அந்த ஊரில் "நில்" என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள். உச்சரிப்பு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சிரித்தால் சிரிக்கட்டும், சிரிக்கிறவன் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம். அந்த வார்த்தையை எனக்கும் எழுதி அனுப்பு, உனக்கு வாயில் வருகிறதா என்று போனில் நான் கேட்க வேண்டும்.

நீ போகிற மலையெல்லாம் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும் என் கண்ணே.

டீ ஊற்றுகிறவளான உன் அம்மா,
கிளெனிஸ்