பெர்னிஸ் போட்ட இறகுப் புத்தகம்

வின்னிபெக்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷிஃப்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மெல்பர்னில் காது இரைச்சல் இல்லாமல் நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, வாசல் பனியை வாரிவாரி எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

பெர்னிஸ் ஸக்கர்மன் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போட்டிருக்கிறாள். நம் பழைய இறகுக் கதைதான். வம்பு பேசித் திரிந்த ஒருத்தி மன்னிப்புக்கு வழி கேட்கிறாள், ஊர்க் குருவான ரபி இறகுத் தலையணையைக் கிழித்துக் காற்றில் உதறச் சொல்கிறார், பிறகு அத்தனை இறகையும் பொறுக்கி வா என்கிறார், அவளால் முடியவில்லை, நீ பேசிய பேச்சும் இப்படித்தான் என்கிறார். இதை யார் எழுதுவது பார். வகுப்பில் நீ சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்துவிட்டு, ஷிஃப்ரா குடித்துவிட்டுப் பாடம் நடத்துகிறாள் என்று வீடு வீடாகச் சொன்னவள். காதுக் கோளாறால் வந்த தலைசுற்றல் என்று டாக்டர் சொல்வதற்குள் பதினோரு பிள்ளைகளை உன் வகுப்பிலிருந்து பெற்றோர் நிறுத்திவிட்டார்கள், நீயும் ஊரை விட்டே போய்விட்டாய்.

போன ஞாயிறு ஜெப ஆலய நூலகத்தில் அதை வாசித்தாள். அம்மா வரமாட்டேன் என்றாள், நான் போனேன். படங்கள் அழகாகத்தான் இருந்தன. ரபியின் குரலில் நடித்தே காட்டினாள், பலர் கண்ணைத் துடைத்தார்கள், உன்னிடமிருந்து முதலில் பிள்ளையை நிறுத்திய டோபா மூன்று பிரதி வாங்கினாள். முடிந்ததும் பெர்னிஸ் என்னிடம் வந்து உன் விலாசம் கேட்டாள், கையெழுத்துப் போட்டு ஒன்று அனுப்பவேண்டுமாம். வாயிலிருந்த கேக்கை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பினேன். நீ பரப்பியது பொய் என்று ஒரு வீட்டிலாவது போய்ச் சொன்னாயா என்று கேட்டேன்.

"நேர்ல போய் சொல்ல தைரியம் வரல ஆவ்ரம். அதனாலதான் இத எழுதினேன்" என்றாள்.

"புத்தகத்துல இருக்கிறவளாவது பொறுக்கப் போனா. நீ கைதட்டு வாங்கிட்டு நிக்கிற" என்றேன்.

அவள் பக்கத்தில் நின்ற டோபாவிடம் திரும்பி, ஷிஃப்ரா குடிக்கவே இல்லை, நானாகச் சொன்னது என்றாள். அதுவரை சரி. டோபா என்ன சொன்னாள் தெரியுமா, அது எல்லாருக்கும் எப்போதோ தெரியுமே என்று சொல்லிவிட்டு, புத்தகத்துக்குப் பை கிடைக்குமா என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரியுமாம். உனக்கு ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவியும் அருவருப்பு போகவில்லை மகளே. அந்தப் பேச்சு முதலில் என் காதுக்கு வந்த நாளில், நீ பள்ளிக்குப் போனபிறகு உன் அறையில் நான் பாட்டில் தேடினேன். அலமாரியில், உன் பூட்ஸுக்குள் எல்லாம். ஒன்றும் இல்லை. ஆனாலும் தேடினேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. பெர்னிஸை விட நான் எந்த விதத்தில் சுத்தம்?

விலாசத்தைக் கொடுக்கவில்லை, நீ சொன்னால் மட்டும் கொடுப்பேன். இந்த மாதம் காது டாக்டரைப் பார்க்க மறக்காதே. கடவுள் உனக்கு நல்ல உடம்பையும் உன்னை நம்புகிற மனிதர்களையும் தரட்டும். என்னுடன் பேச மனம் வராவிட்டால் பரவாயில்லை, அம்மாவுக்காவது வெள்ளிக்கிழமை போன் செய். மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன்.

உன் அப்பா,
ஆவ்ரம்