நாலு விசை அவளுக்கு

ஜூன் 3, செவ்வாய்

கீபோர்டில் ஈ கழன்று விழுந்துவிட்டது. காலையில் வீட்டில் உட்கார்ந்து நேற்று விசாரணையில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விசை மட்டும் துள்ளி மேசைக்கடியில் உருண்டு போயிற்று. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் விளையாட்டில் முன்னே ஓடுவதற்கும் அதே விசைதானாம். முன்னே போக என் ஈ, பின்னே வர இ, இந்தப் பக்கம் அ, அந்தப் பக்கம் உ. நான்கும் தேய்ந்து வழுக்கையாகக் கிடக்கின்றன.

"நீ ஓடி ஓடியே உடைச்சிட்ட."

"நீ அடிக்கிற அடிக்குக் கல்லே உடையும். என்னைச் சொல்றியா?"

பதினேழு வயது. வாய் மட்டும் அப்படியே என்னுடையது.

ஜூன் 4, புதன்

ஒப்பந்தம் ஆயிற்று. இருவரும் சேர்ந்து நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்குவது. பகலில் அது என் பையில் விசாரணை அறைக்கு வரும், மாலையில் அவளுடையது. 22ஆம் தேதி அவளுக்கும் தோழிகள் மூவருக்கும் ஆன்லைனில் போட்டி இருக்கிறது. எனக்கும் வேண்டும். அலுவலகத்தில் கொடுத்திருக்கும் ரப்பர் கீபோர்டில் தட்டுவது ஊறிப்போன ரொட்டியைக் குத்துவது போலிருக்கிறது.

ஜூன் 7, சனி

கடைக்காரர் ஒரு சின்னப் பலகையை முன்னால் வைத்தார். அதில் மூன்று விசைகள், அடியில் மூன்று நிறங்களில் மூன்று விதமான ஸ்விட்ச். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது, சத்தமில்லை. மகள் அதைத் தொட்டதுமே "இதான்மா" என்றாள். பழுப்பு பாதியில் விரலை லேசாக இடறியது. பரவாயில்லை. பிறகு நீலம்.

நீலத்தைத் தட்டியதும் கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு டக்! தட்டச்சு இயந்திரத்தில் கை பழகியவள் நான். சத்தம் வராத எழுத்து விழுந்ததாகவே எனக்குத் தோன்றாது.

"அம்மா, இது உனக்கா, ஊருக்கா?" என்றாள்.

"பத்தொன்பது வருஷமா டைப் அடிக்கிறவ நானா, நீயா?"

கடைக்காரர், "பிடிக்கலைன்னா ஸ்விட்சை மட்டும் பிடுங்கி மாத்திக்கலாம் மேடம், இந்த மாடல்ல அந்த வசதி இருக்கு" என்றார். பிடிக்காமல் போவதாவது! நீலம்தான் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

என்ன ஒரு நாள்! கிடங்கு விபத்து விசாரணை தொடங்கிற்று. சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து ஒருவர் இறந்துபோன வழக்கு. கிடங்கு மேலாளர் மூச்சுவிடாமல் பேசினார், ஒரு சொல்லையும் நான் விடவில்லை. இரண்டு வழக்கறிஞர்களும் எட்டி எட்டி என் கையைப் பார்த்தார்கள். இடைவேளையில் குமாஸ்தா வந்து, "மழை அடிச்ச மாதிரி இருந்துச்சு மேடம்" என்றார். தலை கொஞ்சம் வீங்கித்தான் வீட்டுக்கு வந்தேன்.

மாலையில் கூடத்தில் உட்கார்ந்து பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே மகள் தோழிகளோடு மடிக்கணினியில் பேசிக்கொண்டிருந்தாள். "யாருடி பின்னால பாத்திரத்தைப் போட்டு உருட்டுறது?" என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது.

"பக்கத்து வீட்டுல ஏதோ வேலை நடக்குது" என்றாள் என் மகள்.

பக்கத்து வீடாம். இருக்கட்டும்.

ஜூன் 11, புதன்

எழுதவே கை வரவில்லை.

இன்றைய சாட்சி, கிடங்கில் துப்புரவு வேலை பார்க்கும் பெண். என் வயதுதான் இருக்கும். லிஃப்ட் விழுந்தபோது பக்கத்திலேயே நின்றிருந்த ஒரே ஆள். மெல்லிய குரல். "நான் அன்னைக்கு..." என்று தொடங்கினார், நான் டக டகவென்று அடித்தேன், அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்து நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். மூன்றாவது முறை, "நான் ஒண்ணும் பார்க்கலீங்க" என்று எழுந்துவிட்டார்.

அவர் பார்த்திருக்கிறார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் காதருகே ஆணி அடிப்பது போல விழுந்தால் யார்தான் பேசுவார்கள்?

விசாரணை அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "அடுத்த புதன் அவங்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கேன். அன்னைக்கும் இந்தச் சத்தம்னா, நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து ரெக்கார்டிங்கைக் கேட்டு டைப் பண்ணிடுங்க மேடம். இனிமே எல்லா விசாரணைக்கும் அப்படியே வச்சுக்கலாம்" என்றார்.

பக்கத்து அறை. அப்படியானால் முடிவில் சாட்சிக்கு எழுதியதை வாசித்துக் காட்டி, அவர் ஆமாம் என்ற பிறகு கையெழுத்து வாங்குவதையும் வேறு யாரோ செய்வார்கள். அது என் வேலை. ரப்பர் கீபோர்டுக்குத் திரும்பலாம், ஆனால் அதில் எழுத்து விட்டுப்போகும். அந்தப் பெண் சொல்வதில் ஒரு எழுத்து போகக்கூடாது.

அவ்வளவு கர்வம் எதுக்குடி உனக்கு? கடையிலேயே சொன்னாளே உன் பொண்ணு.

ஜூன் 12, வியாழன்

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

ஜூன் 14, சனி

மத்தியானம் வெளியே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். புது ஸ்விட்சுகள். ஹெட்போனுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை இதில் போட்டிருக்கிறாள். தரையில் துணி விரித்து, இடுக்கி போன்ற ஒன்றால் நீலங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். புதியவை பழுப்பு போலவே பாதியில் விரலை இடறும், ஆனால் சத்தம் வராத வகை.

"உனக்குச் சத்தம் வேணாம்மா, எழுத்து விழுந்துச்சுன்னு தெரியணும். அதைக் காதுக்குப் பதிலா விரல்ல வாங்கிக்கோ" என்றாள்.

நான் பெற்றதா இது!

நாலு விசைக்கு மட்டும் லேசான, வழுக்குகிற வகையைப் போட்டாள். ஈ, அ, இ, உ. 22ஆம் தேதிப் போட்டிக்கு.

ஜூன் 15, ஞாயிறு

அந்த நாலு விசையும் என் உயிரை வாங்குகின்றன. விரலை விசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பது என் பழக்கம். சாய்த்தாலே அஅஅ, இஇஇ என்று திரை நிறைகிறது.

"அந்த நாலையும் உனக்கு மாத்திடறேன்மா. நான் சமாளிச்சுக்குவேன்."

"வேணாம். நாலு விசை உன்னுது. என் விரலை நான் தூக்கிக்கறேன்."

பெரிதாகச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

பேருந்தில் கைப்பையின்மேல் இடது கை விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்துப் பழகினேன். பக்கத்து இருக்கைக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். பழகட்டும் விரல். நாற்பத்தொன்பது வயது ஒரு வயதா?

ஜூன் 18, புதன்

பேசினார். அந்தப் பெண், முக்கால் மணி நேரம்.

முதல் சொல்லை நான் அடித்தபோது என் பக்கம் பார்த்தார். சத்தம் இல்லை. பிறகு பார்க்கவே இல்லை. லிஃப்ட் கம்பியிலிருந்து நாலு நாளாகக் கிறீச்சென்று சத்தம் வந்ததாம். மேலாளரிடம் போய்ச் சொன்னாராம், "உன் துடைப்பத்தைப் பாரு" என்றாராம் அவர். சொல்லும்போது அழுதார். எனக்கும் கண் கலங்கியது, கை நிற்கவில்லை. விரல்கள் காற்றில் காத்திருந்தன. ஒரு அ கூடத் தப்பி விழவில்லை!

முடிவில் வாசித்துக் காட்டினேன். துடைப்பம் வரைக்கும் வந்ததும் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க எப்பம்மா இதெல்லாம் எழுதினீங்க?" என்று கேட்டார்.

என்னை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. அதிகாரி, "மேடம் இங்கேயே உக்காரட்டும்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். சொல்லாவிட்டாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். முடிந்ததும் கொடுக்கலாம் என்று இரண்டு கோப்பையில் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். கதவு பாதி திறந்திருந்தது. பாத்திரம் உருட்டுவதைப் பற்றிக் கேட்ட அதே பெண்ணின் குரல், "உன் பக்கம் இப்பல்லாம் சத்தமே இல்லையேடி, என்ன கீபோர்டு அது?" என்றது.

"எங்க அம்மாவோடது" என்றாள் மகள். "விசாரணையில சாட்சி பேசப் பேச டைப் அடிக்கிறாங்க. யாருக்கும் கேக்காது. ஒரு எழுத்து விடமாட்டாங்க. அதுல நாலு விசை மட்டும் எனக்குக் குடுத்திருக்காங்க."

அப்போது உள்ளே போக முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போகலாம் என்று கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிவிட்டது, இரண்டையும் நானே குடித்தேன்.