நீ அமுக்காத பட்டன்

திருவள்ளூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் அட்டைக்கு நகல் வேண்டும் என்று நேற்றுக் காலை அங்கே போய் நின்றேன். கடைக்காரப் பெண் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டாள். பெட்டி உறுமியது. பின்பக்கத்து விசிறியிலிருந்து சூடான தூசி நாற்றம் அடித்தது. கும்மிடிப்பூண்டியில் நாம் போன லைப்ரரியின் கம்ப்யூட்டர் அறையில் அடித்த அதே நாற்றம். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் என் கொழுந்தன் நின்றிருந்தார். உன் சின்ன மாமனார். பஸ் பெரியபாளையம் தாண்டியதிலிருந்து எனக்கு ஒரே பாடம்தான்.

"அண்ணி, ரெண்டே வார்த்தை. வாய்ச்சண்டை நடந்துச்சி, அந்தப் பொண்ணு வாசப்படியில தடுக்கி உழுந்துச்சி. அவ்ளோதான். போனவ போய்ட்டா. இருக்கற புள்ளையயாவது காப்பாத்துங்க."

அன்றைக்கு ஆரம்பத்திலிருந்து வீட்டுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். நீ இப்போது இல்லை. என் மகன் கூண்டில் நிற்கிறான். மிச்சம் இருப்பவள் நான். நான் வாயைத் திறந்து என்ன சொல்கிறேனோ அதுதான் கேஸ் என்று அரசு வக்கீலும் சொல்லியிருந்தார், அவன் பக்கத்து வக்கீலும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

அங்கே நான் என்ன சொன்னேன் என்பதை உனக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன். மூன்றாவது வரை படித்தவள், எழுத்து கோணலாகத்தான் வரும். நீ எப்படியும் படித்துவிடுவாய்.

அவன் உன் செல்போனை அம்மிக்கல்லில் வைத்து உடைத்த பிறகுதான் நாம் லைப்ரரிக்குப் போக ஆரம்பித்தோம். செல்லை உடைப்பதற்கு முன்னால் அதே கையால் உன் முன்பல்லை உடைத்திருந்தான். அதிலிருந்து நீ சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாய். ரேஷன் கடையோ கோயிலோ ஆஸ்பத்திரியோ, எங்கே போவதானாலும் நீ என்னோடுதான் போக வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். தன் அம்மாவைக் காவலுக்கு வைத்தான். அந்தக் காவல் யார் பக்கம் என்று அவன் யோசிக்கவே இல்லை.

எனக்கு அடி புதிது இல்லை. உன் மாமனார் கையில் விறகுக்கட்டையாலும் பெல்ட்டாலும் வாங்கியிருக்கிறேன். அவர் செத்த அன்றைக்கு நான் மாரில் அடித்துக்கொண்டு அழுததைத் தெருவே பார்த்தது. எல்லோரும் போன பிறகு முதுகை நீட்டிப் படுத்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த ஆளின் ரத்தம் என் மகனுக்குள் ஓடுவது தெரிந்தும், கம்பெனியைத்தான் குற்றம் சொல்வேன். இரும்பு உருக்குகிற ஃபர்னஸ் பக்கத்தில் நிற்கிற வேலை, சூடு தலைக்கு ஏறிவிடுகிறது என்பேன். தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

நீ ஒருநாள் பருப்பைக் கடைந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாய்: "எதிர் ஊட்டு அண்ணனும் அதே ஃபர்னஸ்லதான் அத்த நிக்கறாரு. அவரு பொண்டாட்டிக்கு பல்லு எல்லாம் இருக்குதே."

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் அறைக் கதவில் விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் நீ எனக்காக அதைப் படித்துக் காட்டினாய். செருப்பை வெளியே விடவும். ஒரு கணினிக்கு ஒருவர் மட்டும். அரை மணி நேரம் மட்டும். சத்தம் போடக் கூடாது. பிறர் பயன்படுத்துவதைப் பின்னால் நின்று பார்க்கக் கூடாது. பொருட்களைச் சேதப்படுத்தக் கூடாது. படித்துவிட்டு என் காதில் சொன்னாய்.

"இத அப்படியே நம்ம ஊட்டுல ஒட்டணும் அத்த. சத்தம் போடக் கூடாது, பொருள ஒடைக்கக் கூடாது, பின்னால நின்னு பாக்கக் கூடாது. அரை மணிக்கு மேல யாரும் புருஷனா இருக்கக் கூடாது."

நான் சிரித்த சத்தத்தில் லைப்ரரி சார் எழுந்து வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். ஒரு மிஷினுக்கு ஒரு ஆள்தான் என்றார். நான் ஆள் இல்லை சார், மாமியார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பேப்பர் படிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. அங்கிருந்து பார்த்தால் தெருக்கேட் தெரியும். அவன் வந்தால் நான் இரும வேண்டும், நீ எழுந்து பின்பக்கமாகப் போய்விட வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஒரகடம் பக்கத்தில் ஏதோ கம்பெனியில் பொம்பளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள், ஹாஸ்டல் உண்டு என்று பஸ் ஸ்டாப்பில் நோட்டீஸ் பார்த்திருந்தாய். கம்ப்யூட்டரில் எழுதிப் போட வேண்டும். ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் இருப்பார், ஆம்பளைகள் உள்ளே நுழைய முடியாது என்பதை மட்டும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாய். சம்பளம் எவ்வளவு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெயில் பக்கத்தைத் தமிழில் மாற்றி வைத்தாய். அங்கேதான் அந்த வார்த்தை வந்தது.

வேலை முடிந்ததும் 'வெளியேறு' என்பதை அழுத்த வேண்டும். கதவில் இருந்த விதிகளிலும் கடைசியில் அது இருந்தது, மீறினால் ஒரு மாதம் உள்ளே வரக் கூடாது என்பதோடு. நீ அழுத்த மாட்டேன் என்றாய். டிவியை அணைப்பது மாதிரி திரையின் பட்டனை அமுக்கி இருட்டாக்கிவிட்டு எழுந்து வருவாய். லைப்ரரி சார் ஒருநாள் பிடித்துக்கொண்டார். ஏம்மா, படித்த பெண்தானே, இது தெரியாதா என்று கேட்டார்.

"தெனம் குடிச்சிட்டு வந்து எங்க ஊட்டுக்காரரு சொல்றது அதான் சார், வெளிய போடின்னு. அத நானே எனுக்கு அமுக்கணுமா?"

அவருக்கு முகம் மாறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அது உன்னை வெளியே அனுப்புவது இல்லையம்மா, நீ போன பிறகு வேறு யாரும் உள்ளே வராமல் இருக்கத்தான் அது என்றார். நீ யோசித்துவிட்டு, அப்படியென்றால் பூட்டு என்று எழுதலாமே சார் என்று கேட்டாய். அவர் எழுந்து தன் மேசைக்குப் போனார். அன்றிலிருந்து அவர் பார்க்கும்போது அமுக்குவாய். பார்க்காவிட்டால் திரையை மட்டும் இருட்டாக்கிவிட்டு வந்துவிடுவாய்.

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி மெயில் வந்த அன்றைக்கு, பேப்பர் மேசைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்தாய். சிரித்தாய். வாயைப் பொத்தவில்லை. வரும் வழியில் கடையில் போண்டா வாங்கி, பஸ் ஸ்டாப்பிலேயே நின்று தின்றோம். ஹாஸ்டலில் மாமியாருக்கும் இடம் கொடுப்பார்களா என்று கேட்டு எழுதட்டுமா என்றாய். நீ போய்ச் சேரடி முதலில் என்றேன்.

நாம் போண்டா தின்றுகொண்டிருந்த நேரத்தில் அவன் லைப்ரரிக்குள் இருந்தான். டீக்கடையில் அவன் கூட்டாளி ஒருத்தன், உன் பொண்டாட்டி என்ன கலெக்டருக்குப் படிக்கிறாளா என்று கிண்டல் செய்திருக்கிறான். லைப்ரரி சார் நெற்றியில் தையலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மிச்சத்தை எனக்குச் சொன்னார். எந்த மிஷின் என்று இவன் கேட்டானாம். ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டுவது விதி இல்லை என்று அவர் நாற்காலிக்குக் குறுக்கே நின்றாராம். இவன் அவர் பின்மண்டையைப் பிடித்து, அந்த விதிகள் ஒட்டியிருந்த கதவிலேயே முகத்தை மோதினான். கண்ணாடி உடைந்து புருவத்துக்குள் இறங்கியது. அவர் தரையில் கிடந்து பார்க்கும்போதே ஒவ்வொரு திரையாகப் பட்டனை அமுக்கினான். ஒன்று எரிந்தது. அதில் உன் பேர் இருந்தது. ஹாஸ்டல் என்று இருந்தது.

நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். கதவுக்கு முட்டுக் கொடுக்க அவன் கம்பெனியிலிருந்து எடுத்து வந்து போட்டிருந்த இரும்புக் கம்பித் துண்டு வாசலிலேயே கிடந்தது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நான் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

முதல் அடி உன் தோளில். இரண்டாவதுக்கு நான் குறுக்கே போனேன், முழங்கை உடைந்தது. நான் பிடித்து நடக்கப் பழக்கிய கையை என் வாயால் கடித்தேன். ரத்தம் வந்தது, விடவில்லை. அவன் என் தலைமுடியைப் பிடித்து கேஸ் சிலிண்டர்மேல் வீசினான். எழுந்திருக்க முடியவில்லை. நீ என்னைப் பார்த்து, "அத்த, ஓடு" என்றாய். உன்னை அடித்துக்கொண்டிருக்கும்போது என்னை ஓடச் சொன்னாய். அதற்கப்புறம் நீ பேசவில்லை. அவன் நிறுத்தவில்லை. அரிசி களைந்த தண்ணீர் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. முதலில் வெள்ளையாக ஓடியது.

வாசலில் ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கு எதற்குப் பேஜாரு என்று நின்றார்கள். எதிர் வீட்டு அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து அவனைக் கீழே சாய்த்தார். ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே மடி கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. டிரைவரிடம் சொல்லவில்லை, மெதுவாக ஓட்டிவிடுவார் என்று.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஒரு பட்டன அமுக்கியிருந்தா உசுரோட இருந்திருக்கும், இல்ல?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஸ்டேஷனை விட்டு எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. டீக்கடை, ரேஷன் கடை, உன் கருமாதிப் பந்தல், எல்லா இடத்திலும் பட்டன். படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்றார்கள். கம்பியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்குள்ளும் அது புகுந்துகொண்டு குடைந்தது. பிறகுதான் யோசித்தேன். அன்றைக்கு அவன் அதைப் பார்க்காமல் போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை உன் பையைப் பார்த்திருப்பான். பையைப் பார்க்காவிட்டால் குழம்பில் உப்பைப் பார்த்திருப்பான்.

கோர்ட்டிலும் அதே பட்டன்தான் வந்தது. அவன் பக்கத்து வக்கீல் மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். நூலக விதிப்படி உங்கள் மருமகள் வெளியேறும் பட்டனை அழுத்தினாரா? இல்லைங்க என்றேன். அழுத்தியிருந்தால் உங்கள் மகன் அதைப் பார்த்து ஆத்திரப்பட்டிருக்க மாட்டார், கைகலப்பும் வந்திருக்காது, அந்தப் பெண்ணும் தடுக்கி விழுந்திருக்காது, சரிதானே அம்மா என்றார். கடைசி வரிசையில் என் கொழுந்தன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கூண்டில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். பெற்றவள் கண், அதைத்தான் முதலில் பார்த்தது.

ஜட்ஜய்யாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ஐயா, அந்த வெதிய மீறுனா ஒரு மாசம் உள்ள வரக் கூடாதுன்னுதான் லைப்ரரியில எழுதியிருக்கு. சாவணும்னு எழுதல. பட்டன் அவள அடிக்கல. அவ தடுக்கி உழல. கம்பிய எடுத்தது என் புள்ள. அவ அடங்கனப்புறமும் அடிச்சது என் புள்ள. கொன்னது அவன்தான். நான் பாத்துக்கினு கெடந்தேன்."

டைப் அடிக்கிறவருக்குக் கடைசி வார்த்தைகள் காதில் சரியாக விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கொன்னது என் புள்ளதான் என்று இன்னொரு தரம் சொன்னேன். இரண்டாவது தரம்தான் கஷ்டமாக இருந்தது. முதல் தரம் சொன்னது கோபம். இரண்டாவது தரம் தெரிந்தே சொன்னது.

நான் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் "அம்மா" என்று கூப்பிட்டான். ஒரே ஒரு தரம். நான் திரும்பவில்லை. நீ வாங்கிய அடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் வலித்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

கொழுந்தன் கோர்ட் வாசலில் காறித் துப்பிவிட்டு, இனி சாவு வாழ்வுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தனியாகப் பஸ் ஏறினேன். பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு பழவேற்காட்டு பாய் வீட்டு அம்மா ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். என் கை மடங்காமல் நீட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்றாள். கோர்ட்டுக்கு, மருமகள் கேஸ் என்றேன்.

"அல்லா, செத்துட்டாளா பொண்ணு?"

இதுவரை யார் கேட்டாலும் ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கிறேன். செத்துப்போனாள் என்றால் கேட்டவர்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். காய்ச்சலில் போனாளா, கிணற்றில் போனாளா, அவரவர் நினைத்துக்கொள்வார்கள். பாவம் என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இனி அப்படிச் சொல்ல முடியாது. கோர்ட்டில் வாங்கி வந்த வார்த்தை வாயிலேயே இருக்கிறது. சாகிற வரைக்கும் இருக்கும்.

"சாவல. கொன்னுட்டான்" என்றேன்.

அந்த அம்மா கூடையைக் காலுக்கடியில் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். யார் என்று கேட்டாள்.

சொன்னேன்.