விளக்கு வைக்கும் நேரத்துச் செங்கல்

மாப்ள,

இன்று சாயங்காலம் கீழ் வீட்டில் போட்ட சாம்பிராணி மூன்றாம் மாடியில் எனக்கு மணந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? படிக்கட்டுக் கதவுகளை மறுபடி திறந்து போட்டுவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு செங்கல் முட்டு.

நம் ஆனையூர் அடுக்குமாடியைக் கட்டும்போது நீ எவ்வளவு சண்டை போட்டாய்! சாதாரணப் பலகைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, தீத்தடுப்புக் கதவு என்று மாட்டப் பார்த்தார் பில்டர். "நாங்க குடியிருக்கப் போற வீடுண்ணே. ரெண்டு மணி நேரம் தீயத் தாங்குற கதவு வந்தாத்தான் சாவிய வாங்குவோம்" என்று அவர் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய். நானும் கூட உட்கார்ந்தேன். கடைசியில் வந்தது. தானாக மூடிக்கொள்ளும் நல்ல இரும்புக் கதவு, மாடிக்கு ஒன்று.

வந்து என்ன பிரயோசனம்? விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் அடைத்திருந்தால் லட்சுமி வரமாட்டாளாம். வீட்டுக் கதவோடு சேர்த்து இந்தப் படிக்கட்டுக் கதவையும் திறந்து செங்கல்லை வைத்தார்கள். "உங்க வீட்டு வாசலத் தொறந்து வைங்க, யாரு வேணாங்குறா? இது சாமி வர்ற கதவு இல்லக்கா, புகை வர்ற கதவு" என்று வீடு வீடாகச் சொன்னாய். "இவரு ஒருத்தரு, எப்பப் பாரு அபசகுனமா" என்று சிரித்தார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் கீழே கரண்ட் மீட்டர் பெட்டி தீப்பற்றியது. புகை தடையில்லாமல் படியேறியது. நீ செங்கல்லை உதைத்துத் தள்ளி, கதவுகளை மூடிக்கொண்டே இறங்கினாய். முதல் மாடிக் கதவையும் மூடிவிட்டு, புகையில் மூச்சடைத்துப் படியிலேயே விழுந்தாய். சிரித்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், மாப்ள. அவர்களேதான் இன்றைக்கும் முட்டுக்கொடுக்கிறார்கள். இவர்களை என்ன சொல்லித் திட்ட?

இறங்கிப் போய் அத்தனை செங்கல்லையும் தூக்கி எறிந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் வேறொரு செங்கல்லோடு வெளியே வந்தார். "அண்ணே, வெள்ளிக்கிழமையும் அதுவுமா சத்தம் போடாதீங்க. அரை மணி நேரந்தான, லட்சுமி வர்ற நேரம்."

நான் வாய் திறப்பதற்குள் உன் வீட்டுக்காரி படியிறங்கி வந்தாள். நீ போனதிலிருந்து யாரிடமும் பேசாத என் தங்கச்சி.

"அன்னைக்கும் தொறந்துதானண்ணே இருந்துச்சு. எங்க வீட்டுக்கு யாரு வந்தா?"

செயலாளர் செங்கல்லோடு உள்ளே போய்விட்டார். நாளைக்கு வேறு யாராவது வைப்பார்கள், தெரியும். நாளைக்கும் போய்க் கத்துவேன். எனக்கு இந்தக் கோபம் ஆற வேண்டாம், மாப்ள.